முத்தட்டும் என்றார் நைனா

“எல், பி, இ, டி” என்று நைனா நாலாவது வரியைப் படித்து முடித்தார். அந்த நேரம் பார்த்துக் கரெண்டு போனது.

தலைக்கு மேலே ஃபேன் நின்றது. இருபது அடி தள்ளிச் சுவரில் இருந்த சார்ட்டுப் பெட்டியும் அணைந்தது. உள்ளே விளக்கு எரிந்தால்தான் அந்தப் பெட்டியில் எழுத்து தெரியும். அணைந்துவிட்டால் அது வெறும் வெள்ளைப் பலகை.

நைனா தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கரெண்டு போயிடுச்சி போல இருக்குது. புழுங்குது,” என்றார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். “பி, இ, சி, எஃப், டி.”

நான் அணைந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள். நைனா அடுத்த வரிக்கு இறங்கினார். “இ, டி, எஃப், சி, இசட், பி. போதுமா, இன்னும் படிக்கட்டா?”

பெஞ்சின் ஓரத்தில், ஒரு கண்ணில் ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார்.

“ஏம்பா, ஆபரேஷன் பண்ண கண்ணாலயே எனக்கு அங்க ஒண்ணும் தெரியல. உனக்கு மட்டும் எப்படிப்பா தெரியுது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை இதே ஸ்டூலில் இவரை உட்கார வைத்து, இதே சார்ட்டைக் காட்டி, ‘பார்வை நன்றாக உள்ளது’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நைனா மறைத்தது என் தட்டுச் சோற்றில்.

கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் மையத்துக்கு வரும் டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார். கடகடவென்று கடைசி வரி வரை படிக்கிற மனுஷனுக்கு, அதுவும் பெற்ற அப்பனுக்கு, டார்ச் எதற்கு என்று விட்டிருந்தேன். வேறு யாராவது இப்படி விட்டிருந்தால் நான் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கொட்டகையில் நின்ற மாணவர்

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கண் பரிசோதனை மையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்ப்பவள். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, கண்ணின் பிரஷர் பார்ப்பது, புரை இருந்தால் கண்டுபிடித்து வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டரம்மாவிடம் அனுப்புவது, இவைதான் என் வேலை. ஊரில் என்னையே ‘கண்ணு டாக்டரம்மா’ என்கிறார்கள். ஆரம்பத்தில் நான் டாக்டர் இல்லை என்று திருத்திப் பார்த்தேன். “சரிங்க டாக்டரம்மா” என்றார்கள். விட்டுவிட்டேன்.

டிப்ளமோ படித்த காலத்தில் ஒரு அட்டைச் சார்ட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்வை அளக்க இருபது அடி தூரம் வேண்டும். எங்கள் வீட்டை எந்தப் பக்கம் அளந்தாலும் பதினாலு அடிக்கு மேல் போகவில்லை. கடைசியில் சார்ட்டை நடுவீட்டுச் சுவரில் காலண்டர் ஆணியில் மாட்டினேன். படிக்கிறவர் வாசலைத் தாண்டி மாட்டுக் கொட்டகையில் நிற்க வேண்டும். மாடு நகர்ந்தால் அவரும் நகர வேண்டும்.

பழகிக்கொள்ள ஆள் வேண்டுமே. தெருவில் ஒருத்தரும் வரவில்லை. நைனாதான் வந்தார். கழனியிலிருந்து திரும்பிக் கை கால் கழுவிவிட்டு, குழம்புக் கரண்டியால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொட்டகையில் நிற்பார். அவர் மூன்றாவது வரை தமிழில் படித்தவர். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. எழுத்து தெரியாதவரிடம் பார்வையை எப்படி அளப்பது? அதனால் முதலில் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தச் சார்ட்டில் திருப்பித் திருப்பி ஒன்பது எழுத்துதான் வரும். ஒன்பதையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். அப்புறம் பஸ் போர்டு, உர மூட்டை, பிஸ்கட் பாக்கெட் என்று எதில் பார்த்தாலும் அந்த ஒன்பதையும் தேடிப் பிடித்து வாய்விட்டுச் சொல்வார். மற்ற எழுத்துகளைப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விடுவார்.

இரண்டு வருஷம் அந்தச் சார்ட்டு எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. மையத்தில் இருக்கும் பெட்டியிலும் அதே எழுத்து, அதே வரிசை. தமிழ்ச் சார்ட்டும் எங்களிடம் உண்டு. ஆனால் நைனா ஒவ்வொரு தடவையும் “எனக்கு இங்கிலீஷே போடு” என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் முன்னால் பவுசு காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் பெருமையாகவே போட்டுவிட்டேன்.

பீரோவில் தெரிந்த மலை

மனப்பாடத்தை வைத்துக் கண்ணை மறைப்பது நைனா மட்டும் செய்த காரியம் இல்லை. எங்கள் ஊர் ஜனத்துக்கு அது சுலபம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மையத்தில் ஒரு சார் இருந்தார். பெட்டி ரிப்பேர் ஆனால் பின்பக்க ஜன்னலைத் திறந்து, கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைக் காட்டி, “மேல இன்னா தெரியுது?” என்று கேட்பார்.

“கோயிலு தெரியுது, களஞ்சியம் தெரியுது” என்று எல்லோரும் சொல்வார்கள். பிறந்த நாளிலிருந்து அந்த மலைக்கு அடியில் கிடக்கிற ஜனம் வேறு என்ன சொல்லும்?

ஒரு நாள் ஒரு அம்மா கோயில், மதில், பாறை, பாறை மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு வரைக்கும் சொல்லி முடித்தார். அவர் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலை அல்ல, பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவை. சார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். “இனிமே இந்த மலையப் பாத்தே இருக்காத பனமலைக்காரங்களுக்கு மட்டும் இந்த டெஸ்ட்டு வச்சுக்கலாம்” என்றார்.

இந்தக் கதையை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நைனாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவரும் நன்றாகச் சிரித்தார்.

அவலூர்பேட்டைக் கல்யாணம்

கரெண்டு போன அந்த நாளுக்கு ஒரு வருஷம் முன்பே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவலூர்பேட்டையில் தூரத்து அத்தை ஒருத்தியின் பேத்திக்குக் கல்யாணம். அம்மாவுக்கு மூட்டு வலி. நைனா தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்.

“சாப்பாடு பிரமாதம். பொண்ணு அப்படியே எங்க அக்கா சாடை. மேடையில கூப்பிட்டு போட்டோ எடுத்தாங்க,” என்றார்.

அன்று சாயங்காலமே அந்த அத்தை போனில் வந்தாள். “தம்பி ஏன் வரல? இன்னா கோவம் எங்க மேல?” என்று அழுதாள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். இரண்டிலும் அன்று கல்யாணம். வாசலில் ஆள் உயரத்துக்கு மாப்பிள்ளை பெண் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கூடவே சீரியல் லைட்டு. புரை விழுந்த கண்ணுக்கு விளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறி எதிரே இருப்பதை எல்லாம் மறைத்துவிடும். நைனா பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, யார் வீட்டுப் பெண்ணுக்கோ அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்து, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்போது அவர் அசரவே இல்லை. “கூட்டத்துல அவதான் என்ன கவனிக்கல. வயசாயிடுச்சி. ஒரு தடவ அவ கண்ண பாரு நீ,” என்றார்.

நான் பார்த்தேன். அத்தையை மையத்துக்கு வரவழைத்து, மருந்து விட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குப் பஸ் செலவுதான் மிச்சம்.

தோளில் ஒரு தட்டு

சரி, கரெண்டு போன இடத்துக்கு வருவோம். நைனாவை உள்ளே கூட்டிப்போய் டார்ச் அடித்தேன். வலது கண்மணிக்குள் மோர் ஊற்றியது போல வெள்ளை. இடது கண்ணில் பழுப்பாக மங்கல். இடது கண்ணை மூடிவிட்டு முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டினேன். அவருக்கு விரலே தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு வண்டி ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் தினமும் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டுகிறார். அதுவும் லாரி ஓயாத திருவண்ணாமலை ரோட்டில். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு.

“நைனா, இந்தக் கண்ண வச்சிக்கினு வண்டிய எப்படி ஓட்டுற?”

நைனா, கூட வந்திருந்த அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

“நான்தான் சொல்லுவேன்,” என்றாள்.

“இன்னா சொல்லுவ?”

“வாயால சொன்னா காத்துல கேக்காது. எடது தோள தட்டுனா எடது பக்கம். வலது தோள தட்டுனா வலது பக்கம். ரெண்டையும் தட்டுனா பிரேக்கு.”

“லாரி வந்தா?”

“கிள்ளுவேன்.”

ஒரு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. நான் பார்க்கும் போதெல்லாம், இந்த வயசிலும் அம்மா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்து போகிறாளே என்று மனசுக்குள் மெச்சியிருக்கிறேன். தெருவில் நாலு பேர் என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ புடிச்சி இழுத்துக்கினு போவ. அவரு ஓடுவாரு. பயப்படுறாருடி.”

நைனா பயப்படுவார் என்பது அது வரைக்கும் எனக்குத் தெரியாது. கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியை ஒற்றைக் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தவர் அவர்.

மல்லாட்டை நியாயம்

டாக்டரம்மா முறையாகப் பார்த்தார். கண்மணி விரிய மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்து, வலது கண்ணில் புரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாததால் ஸ்கேனும் எடுத்தார். நரம்பு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது, வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்துவிடலாம், இடதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

“இன்னும் முத்தலம்மா. நல்லா முத்தட்டும்,” என்றார் நைனா.

வாரத்தில் பத்துப் பேராவது என்னிடம் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. புரை முத்த வேண்டும், முத்தினால்தான் எடுக்க வரும். பழைய காலத்து ஆபரேஷனுக்கு அது நியாயம். இப்போது முத்த முத்தக் கல்லாகி, எடுப்பதுதான் கஷ்டம். சில பேருக்கு உள்ளேயே கசிந்து பிரஷர் ஏறி, வலியோடு பார்வையும் போய்விடும். இதையெல்லாம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நான் பொறுமை இல்லாமல் சொன்னேன். நைனா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, “அறுப்பு முடியட்டும்” என்றார். அறுப்பு முடிந்ததும் “ஆடி போவட்டும்” என்றார்.

அவருக்குள் இருந்தது வேறு. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, ரொம்ப காலத்துக்கு முன்பு ஒரு முகாமில் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். அந்தக் கண் போய்விட்டது. “அறுத்தாங்க, போச்சி,” என்பது நைனாவின் வரலாறு.

அம்மாவின் வரலாறு வேறு. “அவரு நாலாம் நாளே கட்ட அவுத்துப் போட்டுட்டு ஏர் ஓட்டப் போனாரு. சேத்துத் தண்ணிய மூஞ்சில அடிச்சிக்கினாரு. கண்ணு இன்னா பண்ணும்?”

ஆடியும் போனது. ஒரு நாள் காலையில் நைனா வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அம்மா ஏறுவதற்காகக் காத்திருந்தார். நான் மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஏறவில்லை.

“இனிமே நான் ஏற மாட்டேன்,” என்றாள்.

“ஏன்?”

“நேத்து கிள்ளுனேன். நீ கொசுன்னு நெனச்சிக்கின.”

நைனா வண்டியை அணைத்தார். அம்மா அங்கேயே நின்றபடி கேட்டாள். “மல்லாட்ட பருவம் தப்பிப் புடுங்குனா இன்னா ஆவும்?”

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். நைனாவிடம் யாரும் அதைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வார்.

“கொடி மட்டும்தான் கையில வரும். காயி அறுந்து மண்ணுலயே நின்னுடும்.”

“அப்புறம்?”

“மழ பட்டா மொளச்சிடும்.”

“கண்ணுல மொளைக்கவா வுட்டு வச்சிருக்க?”

நைனா வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். அப்புறம் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். இருபது வருஷ அனுபவமும் டாக்டரம்மாவின் படிப்பும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு கொல்லை மல்லாட்டை செய்துவிட்டது.

இருபது நிமிஷம்

எங்கள் மையத்தின் தலைமை ஆஸ்பத்திரிக்கு வேனில் போனோம். சுகர் பார்த்தார்கள், பி.பி. பார்த்தார்கள், உள்ளே வைக்கும் லென்ஸுக்காகக் கண்ணை அளந்தார்கள்.

“செருப்பு மாதிரி இதுலயும் சைஸ் இருக்குதா?” என்று கேட்டார் நைனா.

“ஆளுக்கு ஆளு வேற நைனா.”

“அப்ப ஒரு நம்பர் பெருசா வக்கச் சொல்லு. பின்னால தொள தொளன்னு இருந்தாலும் பரவால்ல, புடிக்கக் கூடாது.”

ஆபரேஷன் அறைக்கு அனுப்பும்போது, மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக மருந்து மட்டும்தான், ஆடக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஆயிரம் பேர் வீட்டு ஆட்களிடம் “பயப்படாதீங்க, இருபது நிமிஷம்தான்” என்று சொன்னவள் நான். அன்று வெளியே நின்று அந்த இருபது நிமிஷத்தைப் பார்த்தேன். அது முப்பதானது, நாற்பதானது. புரை கல்லாகிவிட்டது, நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு டார்ச் அடித்திருந்தால் இத்தனை கல்லாகியிருக்காது என்ற நினைப்பு போகவே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பயம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

நைனாவை நடத்திக் கூட்டிவந்தார்கள். வலது கண்ணில் கட்டு. “பேசாதன்னு சொன்னாங்க, பேசல,” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த காலை

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து, துடைத்து, மருந்து விட்டு, பார்வை அளக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்வை அளந்தது எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா. அந்த ஆஸ்பத்திரியில் அட்டையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. கம்ப்யூட்டர் திரை. எழுத்து ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வரும். மனப்பாடம் செல்லாது.

“தமிழ் போடட்டுங்களா ஐயா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எனக்கு இங்கிலீஷே போடும்மா,” என்றார் நைனா.

இடது கண்ணை மூடினார்கள். திரையில் மேலே பெரிதாக ஒற்றை எழுத்து. அதற்குக் கீழே சிறுத்துக்கொண்டே போகும் வரிகள்.

“மேல இருக்கிற எழுத்த சொல்லுங்க ஐயா.”

நைனா பேசவில்லை.

“அவசரமில்ல, நல்லா பாத்துச் சொல்லுங்க. பெரிய எழுத்துதான்.”

நைனாவின் உதடு மட்டும் லேசாக அசைந்தது, நின்றது.

அதுதான் சார்ட்டிலேயே பெரிய எழுத்து. அது தெரியவில்லை என்றால் அப்புறம் கேட்பதற்கே ஒன்றும் இல்லை. நரம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ‘தோன்றுகிறது’ என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. பெரியப்பாவின் மூடிப்போன கண் ஞாபகம் வந்தது. பின்னால் நின்ற அம்மா, பழக்க தோஷத்தில், அவருடைய இரண்டு தோளையும் ஒருசேரத் தட்டினாள்.

“நைனா,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “இன்னா நைனா, தெரியலியா?”

“தெரியாம இன்னா?” என்றார் நைனா. “ஏணி மாதிரி நிக்குது. ரெண்டு காலு, நடுவுல ஒரே ஒரு படி. அதோ, அடியில எறும்பு சாரி மாதிரி ஒரு வரி ஓடுது பாரு. அதுலயும் மூணாவதா இதே ஏணிதான் நிக்குது.”

திரும்பி, புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

“இத நீ எனக்குச் சொல்லிக் குடுக்கலியே.”

பார்வை அளந்த அம்மா பேனாவை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். நான் நைனாவிடம் சொன்னேன்.

“எச்.”

“எச்,” என்றார் நைனா. ஒரு தடவை திரையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். “இதோட பத்து.”